நாற்பத்து நான்காவது விளக்கு

பரிமளா மிஸ்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணக்கைப் பலகையில் போட்டு முடித்ததும் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டே, "புரிஞ்சுதா?" என்பார். மறுநொடியே வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், "புரிஞ்சுதுங்க மிஸ்" என்று இழுக்கும். இருபத்தோரு வருடங்களாக இந்தக் கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. யாருக்கு உண்மையில் புரிந்தது, யார் சும்மா கூடச் சேர்ந்து இழுத்தார்கள் என்பது பரீட்சைவரை ரகசியம். பரீட்சை முடிந்த பிறகும் பாதி ரகசியம்தான். மனப்பாடம் என்று ஒரு மகராசி இருக்கிறாளே, அவள் எதைத்தான் மூடி மறைக்க மாட்டாள்?

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது, விளக்குகள் வந்து சேரும்வரை.

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே இருந்த செங்காந்தள் பெண்கள் உறைவிட உயர்நிலைப் பள்ளியில், அந்த வருடம் ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நாற்பத்து நான்கு பேருக்கும் ஆளுக்கொரு விளக்கு வைத்தார்கள். நெல்லிக்காய் அளவு விளக்கு, மேசையின் முனையில். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒரு சின்ன வட்டம். அவ்வளவுதான் கருவி. கோயம்புத்தூரிலிருந்து அதை மாட்ட வந்த பொறியாளர் ஷர்மிளா பானுவைப் பரிமளா மிஸ் ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இது எப்படிம்மா கண்டுபிடிக்குது?"

"பெரிய வித்தையெல்லாம் இல்லைங்க மேடம். நீங்க ஒன்னு சொல்றீங்க. அது கேக்கறவங்க மனசுக்குள்ள போயி, ஏற்கெனவே இருக்கறதோட ஒட்டிக்கிட்டா மூளையில ஒரு மாதிரி அலை. எங்கயாச்சும் முட்டிக்கிட்டு நின்னா வேற மாதிரி. முட்டினா செவப்பு எரியும், முட்டலைன்னா பச்சை."

"புள்ளைங்க பொய் சொன்னா?"

"வாய்தானுங்களே பொய் சொல்லும். இது வாயைக் கேக்கறதே இல்லைங்க."

இது நமக்கு வம்பு என்று மிஸ் நினைத்தார். நினைத்தது சரிதான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுதுங்க மிஸ்" என்று கூரை அதிர்ந்தது. நாற்பத்து நான்கில் முப்பத்தொரு விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டையே தொடவில்லை.

ஆனால் ஆள் சளைத்தவர் அல்ல. நடத்தியதையே திரும்ப நடத்தினார், தொண்டை கட்ட நடத்தினார். ஜூலையில் சிவப்பு இருபதுக்கு இறங்கியது, பிறகு பத்து. ஆகஸ்ட் பிறந்ததும் நாற்பத்து மூன்று பச்சை. ஆசிரியர் அறையில் மற்ற மிஸ்கள் பொறாமைப்பட்டார்கள். நம்மிடம் ஏதோ ஒரு கை ராசி இருக்கத்தான் செய்கிறது என்று பரிமளா மிஸ்ஸும் நம்பத் தொடங்கிவிட்டார்.

மீதி ஒரு விளக்கு பவதாரணியுடையது.

பவதாரணியின் அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் சத்தீஸ்கர் பக்கம் போனவர், வருடத்தில் பத்து மாதம் அங்கேதான். அம்மா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறாள். நுழைவுத் தேர்வில் முதல் ஆளாக வந்து சேர்ந்த பெண். வாயும் அதிகம் இல்லை, சேட்டையும் இல்லை. எதையும் ஒரு தடவைக்கு நாலு தடவை யோசிப்பாள், அது ஒன்றுதான் கோளாறு. அந்த வாரம் அவள் யோசித்துக்கொண்டிருந்தது அடுக்குக் கணக்கை.

"இரண்டின் அடுக்கு மூன்று என்றால் இரண்டை மூன்று தடவை எழுதிப் பெருக்கணும், எட்டு. அடுக்கு ரெண்டுன்னா நாலு. அடுக்கு ஒன்னுன்னா ரெண்டு. அடுக்கு பூஜ்ஜியம்னா?" என்று மிஸ் கேட்டார்.

"ஒன்னுங்க மிஸ்" என்றது வகுப்பு. பாடப்புத்தகத்தில் கட்டம் போட்டு அச்சடித்திருந்ததே.

பவதாரணி எழுந்தாள். "மிஸ், பூஜ்ஜியம் தடவைன்னா எதையுமே எழுதலைங்க, பெருக்கவும் இல்லைங்க. அப்போ அந்த ஒன்னு எங்கிருந்துங்க வந்துச்சு?"

மிஸ் பலகையில் நிரூபித்துக் காட்டினார். எட்டை எட்டால் வகுத்தால் ஒன்று. அடுக்கில் பார்த்தால் மூன்றிலிருந்து மூன்றைக் கழிக்கிறோம், பூஜ்ஜியம். ஆக, இரண்டின் அடுக்கு பூஜ்ஜியம் ஒன்று. பவதாரணி ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.

"கணக்கு சரியா வருதுங்க மிஸ். ஆனா அந்த ஒன்னு எங்கிருந்து வந்து உக்காந்துச்சுன்னுதான் தெரியலைங்க."

"அது விதி கண்ணு. விதியப் போயி எங்கிருந்து வந்தன்னு யாராச்சும் கேப்பாங்களா? உக்காரு."

பவதாரணி உட்கார்ந்தாள். விளக்கு சிவப்பாகவே இருந்தது.

பள்ளித் தாளாளர் நல்லதம்பி கெட்ட மனிதர் இல்லை. விடுதிச் சாப்பாட்டைத் தினமும் தானே ருசி பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் போடச் சொல்வார். ஆனால் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று, 'முழுப்பச்சை வகுப்பு' என்று ரோட்டை மறித்து ஃப்ளெக்ஸ் கட்டிய நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. முழுப்பச்சை ஆகும்வரை ஒன்பதாம் வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி கிடையாது என்று உத்தரவு போட்டார். மூன்று ஞாயிறு போயிற்று. நாற்பத்து மூன்று பேரும் பவதாரணியை முறைத்த முறைப்பில் அந்தப் பெண் சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆளாக நிற்கப் பழகிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவர் மிஸ்ஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்க டீச்சர், சனிக்கிழமை பெத்தவங்க எல்லாரும் வர்றாங்க. போட்டோகிராபரும் வர்றாரு. வெள்ளிக்கிழமை உங்க வகுப்புக்கு நானே வருவேன். அந்த அம்மிணி விளக்கு பச்சையானாச் சரி. இல்லைன்னா டி.சி.ய எழுதிக் குடுத்து அனுப்பிச்சுரலாமுங்க. இங்க வெச்சிருந்து அதுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்."

"நல்லாப் படிக்கற புள்ளைங்க சார்."

"படிக்கறது வேற, புரியறது வேறன்னு நீங்கதானே போன மாசம் பெத்தவங்க கிட்டப் பேசினீங்க?"

பேசியிருந்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட வருத்தத்தோடு வெளியே வந்தார் பரிமளா மிஸ்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பவதாரணியைத் தனியாக உட்காரவைத்து நடத்தினார். கெஞ்சினார், அதட்டினார். "மத்த நாப்பத்து மூணு பேருக்குப் புரியுது, உனக்கு மட்டும் என்னடி?" என்றுகூடக் கேட்டுவிட்டார். அதற்கு அந்தப் பெண், "அவங்களுக்கு எப்படிங்க மிஸ் புரிஞ்சுது? எனக்கும் அப்படியே சொல்லுங்க" என்று உண்மையாகவே கேட்டாள். கண்ணில் தண்ணீர். "மிஸ், டி.சி. குடுத்துட்டா அம்மா ஒன்னும் சொல்லாதுங்க. தறியில போயி உக்காருன்னுதான் சொல்லும். எனக்கு இங்கதானுங்க படிக்கணும்." மிஸ் அவளை அத்தோடு விடுதிக்கு அனுப்பிவைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலப் படிப்பு நேரத்தில்தான் குட்டு உடைந்தது. வேப்பமரத்தடியில் வகுப்புத் தலைவி ஹர்ஷினி பவதாரணியைப் பிடித்து வைத்துப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம் மிஸ் வந்து நின்றதை இருவரும் பார்க்கவில்லை.

"இங்க பாரு பவா, மிஸ் 'புரிஞ்சுதா'ன்னு கேப்பாங்கல்ல, அப்போ கணக்க நெனைக்கவே கூடாது. ஞாயித்துக்கிழமை பிரியாணிய நெனைச்சுக்கோ. தட்டு, சோறு, பக்கத்துல முட்டை. மனசு எங்கயும் முட்டாது, பச்சை தானா எரியும். நாங்க எல்லாரும் ஜூலையில இருந்து அப்படித்தான்."

"நேத்தே முயற்சி பண்ணேன்க்கா."

பவதாரணி தன் வகுப்புத் தோழியையும் தலைவி என்பதற்காக அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்புறம் ஏன் செவப்பு எரிஞ்சுது?"

"தட்டை நெனைச்சனா, ஒரு கரண்டி கூடப் போடலைன்னா தட்டுல பிரியாணி இருக்காதே, அடுக்குல மட்டும் எப்படி ஒன்னு இருக்குதுன்னு தோணிருச்சு."

ஹர்ஷினி தலையில் அடித்துக்கொண்டாள். "நீயெல்லாம் உருப்படவே மாட்ட."

பரிமளா மிஸ்ஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து ஆத்திரம். அதற்கடுத்து வந்ததுதான் மோசம். இரண்டு மாதமாகத் தன் கைராசி என்று அவர் நினைத்துப் பூரித்ததெல்லாம் பிரியாணியின் ராசி. ஓடிப்போய்த் தாளாளரிடம் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். சொன்னால் நாற்பத்து மூன்று பேருக்கும் தண்டனை. தன் மானமும் போகும். இரண்டில் எதற்காகச் சொல்லாமல் விட்டோம் என்று பிற்பாடு அவரே தன்னைக் கேட்டுப் பார்த்ததுண்டு. மானத்துக்காகத்தான் என்பது அவருக்கே தெரியும்.

ஆனால் ஒரு யோசனை கிடைத்துவிட்டது. மனதை மாற்றினால் விளக்கைப் பச்சையாக்கலாம் என்றால், சிவப்பாகவும் ஆக்கலாம்தானே? பவதாரணியின் பொட்டைத் தன் காதில் ஒட்டிக்கொண்டு, வேண்டுமென்றே சிவப்பை எரியவைத்துவிட்டால்? கணக்கு மிஸ்ஸுக்கே சிவப்பு என்றால் விளக்கில்தான் பழுது என்று ஆகிவிடும். முட்டிக்கொண்டு நிற்க ஒரு விஷயம் வேண்டும். அதற்குப் பஞ்சமே இல்லை. கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. என்று ஒரு விதி. கல்யாணமான நாளிலிருந்து அவர் கணவர் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் வைத்து விளக்காத நாள் இல்லை. இன்றுவரை அது அவர் மண்டையில் ஏறியதும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளை. தாளாளர் வெள்ளைச் சட்டையில் வந்து கதவோரம் நின்றுகொண்டார். மிஸ் அடுக்குக் கணக்கை நடத்தி முடித்தார். கையைத் தட்டினார். "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மிஸ்." நாற்பத்து மூன்று பச்சை. மூன்றாம் வரிசையில் ஒரு சிவப்பு.

தாளாளர் பெருமூச்சு விட்டார். "ஆகலைங்களே டீச்சர்."

"ஒரு நிமிஷம் இருங்க சார். எனக்கென்னமோ அந்த விளக்கு மேலதான் சந்தேகம்." மிஸ் இறங்கிப் போய்ப் பவதாரணியின் காதிலிருந்து பொட்டை எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். "நான் இருபத்தோரு வருஷமா நடத்தற பாடம். எனக்கே பச்சை வரலைன்னா விளக்குலதான் கோளாறு. ஒத்துக்கறீங்களா?"

"நியாயந்தானுங்க."

"அப்போ நீங்களே கேளுங்க."

தாளாளருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகையைக் காட்டி, "ரெண்டோட அடுக்கு பூஜ்ஜியம் ஒன்னு. புரிஞ்சுதுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

கிரிக்கெட்டை நினைக்க வேண்டும் என்று மிஸ் மனதுக்குள் உப்பு டப்பாவைத் தேடினார். டப்பா கைக்கு அகப்படவில்லை. அதற்கு முன்னால் வேறு ஒன்று வந்து நின்றது. எதையுமே எழுதவில்லை, பெருக்கவும் இல்லை, அந்த ஒன்று எங்கிருந்து வந்தது?

விளக்கு சிவப்பாக எரிந்தது.

தாளாளர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, விளக்குதானுங்க பழுது. பாவம், அந்த அம்மிணிய மூணு வாரமா வெசனப்பட வெச்சுட்டோம். கோயம்புத்தூருக்கு இப்பவே போன் போட்டு வேற விளக்கு கொண்டாரச் சொல்றேன்."

காரியம் கைகூடிவிட்டது. ஆனால் பரிமளா மிஸ் எல்.பி.டபிள்யூ.வை நினைக்கவே இல்லை. அவர் நினைத்தது கணக்கை. பள்ளிக்கூடத்தில் படித்தபோது விதி என்றார்கள், கல்லூரியில் நிரூபித்துக் காட்டினார்கள், தானும் இருபத்தோரு வருடம் அதையே செய்தாயிற்று. ஒரு நாளும் புரிந்ததில்லை. புரியவில்லை என்பதுகூட இந்த நிமிடம்வரை தெரியாமல் இருந்திருக்கிறது.

"மிஸ்" என்றாள் பவதாரணி, மெதுவாக. "விளக்கு பழுதுன்னா, அப்போ எனக்குப் புரிஞ்சிருச்சுங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விளக்கை மாற்றுவார்கள், பிரியாணியை நினைக்கக் கற்றுக்கொள்வாள், படித்துப் பெரியவளாகி ஒருவேளை கணக்கு மிஸ்ஸாகக்கூட ஆவாள். கையைத் தட்டி, புரிந்ததா என்று கேட்பாள். பரிமளா மிஸ்ஸால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

"இல்ல கண்ணு. விளக்கு சரியாத்தான் இருக்குது. உனக்கும் புரியல, எனக்கும் புரியல."

"என்னங்க டீச்சர் பேசறீங்க?" என்றார் தாளாளர்.

"உள்ளதத்தான் பேசறனுங்க."

தாளாளர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அப்போ நான் சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க" என்று சட்டைப் பைக்குள் கைவிட்டு, எழுதித் தயாராகக் கொண்டுவந்திருந்த டி.சி.யை எடுத்தார். பைக்குள் அடங்குவதற்காகச் பாதி பாதியாகச் சின்னதாக மடித்து வைத்திருந்தார். கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, முதல் மேசையில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார்.

தன்னை வெளியே அனுப்பப்போகும் தாளைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் அழுகை வரும். பவதாரணி அழவில்லை. அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. "எட்டுத் தாள் கனம்." ஒரு மடிப்புப் பிரிந்தது. "நாலு." இன்னொன்று. "ரெண்டு." கடைசி மடிப்பையும் பிரித்து அவர் தாளை நீவி விட்டார்.

"மிஸ், ஒன்னுங்க" என்றாள் பவதாரணி.

"என்ன ஒன்னு?"

"மடிப்பு ஒன்னு கூட இல்லைங்க. ஆனாத் தாள் ஒன்னு இருக்குதுங்க. அது எங்கிருந்தும் வரலைங்க மிஸ். மடிக்கறதுக்கு முன்னாடியே அங்கதான் இருந்துச்சு."

பரிமளா மிஸ் தாளையே பார்த்தார். மூன்று மடிப்புக்கு எட்டு, இரண்டுக்கு நாலு, ஒன்றுக்கு இரண்டு. பிரிக்கப் பிரிக்கப் பாதியாகிக்கொண்டே வந்து, மடிப்பே இல்லாதபோது ஒன்று. ஒவ்வொரு தடவையும் பெருக்குவதற்கு ஏதோ ஒன்று முதலில் இருக்கத்தானே வேண்டும்? இத்தனை வருடமும் தினம் ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இது தெரியாமலே இருந்திருக்கிறோமே என்று அவருக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. சிரித்தும் விட்டார். மூன்றாம் வரிசையில் அந்த விளக்கு பச்சையாக மாறியது.

"குடுங்க சார் இத" என்று தாளாளர் கையிலிருந்து டி.சி.யைப் பிடுங்கிக்கொண்டு போய் வகுப்பின் நடுவில் நின்றார். "எல்லாரும் இங்க பாருங்க. பிரியாணிய அப்புறம் நெனைச்சுக்கலாம்."

நாற்பத்து மூன்று முகமும் வெளுத்தது. மிஸ் கண்டுகொள்ளவில்லை. மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். ஒவ்வொரு தடவையும் எத்தனை தாள் என்று கேட்டார். முதல் தடவையாகப் பதில் ஒரே குரலில் வரவில்லை. முன்னும் பின்னுமாக, ஆளுக்கொரு நேரத்தில் வந்தது.

"மூணு மூணா மடிச்சா மிஸ்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மடிச்சுப் பாரு. ஒன்பது, மூணு, அப்புறம்?"

"ஒன்னு. அதே ஒன்னுங்க மிஸ்."

ஹர்ஷினி கையைத் தூக்கினாள். ஜூன் மாதத்திலிருந்து அவள் கணக்கு வகுப்பில் கையைத் தூக்கியதே இல்லை. "மிஸ், மடிக்காம விட்டா ஒன்னு. ஒரு தடவை மடிச்சா ரெண்டு. அப்போ அரைத் தடவை மடிச்சா எத்தனைங்க?"

ஒன்றரை என்று சொல்ல வாயெடுத்த மிஸ் நிறுத்திக்கொண்டார். அரைத் தடவையை இரண்டு முறை செய்தால் முழுத் தடவை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டு வராதே. கூடுதலாக அல்லவா போகிறது?

அவர் காதிலிருந்த பொட்டின் விளக்கு திரும்பவும் சிவந்தது. அதைப் பார்த்து ஹர்ஷினியுடையது சிவந்தது. அவள் பக்கத்துப் பெண்ணுடையது, அதற்குப் பின்வரிசை, ஜன்னலோரம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் வகுப்பில் பச்சை என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. பெண்கள் நோட்டுத் தாளைக் கிழித்து மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே இரைச்சல்.

"நாசமாப் போச்சுங்க டீச்சர்" என்றார் தாளாளர். "நாளைக்குப் போட்டோ எடுக்கறாங்களே."

"எடுக்கட்டுமுங்க. பவதாரணிக்கு டி.சி. குடுக்கறதுன்னா இன்னும் நாப்பத்து மூணு எழுதணும். எனக்கும் சேத்து எழுதீருங்க."

தாளாளர் நாற்பத்து நான்கு சிவப்பையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கோபப்படுவதா என்று அவருக்கே தீர்மானமாகவில்லை. பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, மிஸ் கையிலிருந்த டி.சி.யை வாங்கினார். வாங்கியவர் அதை மெல்ல மடிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், அரைத் தடவைன்னா இத எங்க கொண்டுபோயி நிறுத்தறதுங்க?"

"தெரியலைங்க சார். உக்காருங்க, பாக்கலாம்."

பவதாரணி தன் பெஞ்சில் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.